ஆய்விதழ் தொடங்கப் போகிறீர்களா? அட்டைப்படத்தை அப்புறம் பார்க்கலாம்

போன மாதம் கொடைக்கானலிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பழனி மலையின் வரலாறு, காடு, மக்கள் எல்லாவற்றுக்குமாக ஆய்விதழ் ஒன்று தொடங்கப் போகிறார்களாம். ஊட்டியில் நாங்கள் சில பேர் சேர்ந்து அரையாண்டு இதழ் நடத்துவதைக் கேள்விப்பட்டு, எப்படி என்று கேட்டுக்கொண்டு போக வந்தார்கள். வர்க்கியும் டீயும் வைத்துவிட்டு நான் உட்கார்வதற்குள் அட்டைப்படத்தைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரிவு முழுக்கக் குறிஞ்சி, 2018-ல் பூத்தபோது எடுத்தது, நல்ல படம்தான்.

"ஆசிரியரை யார் நியமிக்கிறது? சரிப்பட்டு வரவில்லை என்றால் அவரை யார் மாற்றுகிறது?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் பேசிக்கலாம் மேடம், எல்லாரும் நம்ம ஆளுங்கதானே" என்றார் இளையவர்.

எல்லாச் சிக்கலும் அந்த "நம்ம ஆளுங்க"ளில்தான் தொடங்குகிறது. மலையில் ஆள் குறைவு, ஆய்வு செய்கிறவர்கள் இன்னும் குறைவு, அதிலும் பாதிப் பேர் மீதிப் பாதியின் மாணவர்கள், சொந்தக்காரர்கள், அல்லது பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். பெருநகரத்து இதழ் விதிகள் இல்லாமலும் கொஞ்ச நாள் ஓடிவிடும். இங்கே முதல் வருடமே முட்டிக்கொள்ளும். அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவலாம்.

முதல் வேலை: பணம் யாருடையது, முடிவு யாருடையது

எங்கள் பக்கத்தில் பசுந்தேயிலை பறித்து ஃபேக்டரிக்குப் போடும் சிறு விவசாயி யாரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை. இலை கொண்டுவருகிறவரே தராசையும் பிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆய்விதழிலும் அப்படித்தான். செலவு செய்து நடத்துகிறவர் ஒருவர், எது அச்சாகும் என்று முடிவு செய்கிறவர் இன்னொருவர், கட்டுரை தேறுமா என்று படித்துச் சொல்கிறவர் மூன்றாமவர். இந்த மூன்று வேலையும் மூன்று கையில் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1665-ல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 'பிலாசபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' என்ற அறிவியல் ஆய்விதழைத் தொடங்கியபோது அது ஏறக்குறைய அவருடைய சொந்த முயற்சி, லாப நஷ்டம் அவர் தலையில். அங்குள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அதை முறையாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, கட்டுரைகளை ஓட்டெடுத்துத் தேர்வு செய்யக் குழு ஒன்றை அமைத்தது 1752-ல்தான். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் பிடித்திருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு மாலைப் பொழுது போதும்.

உரிமையாளர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று வழி உண்டு: கல்லூரியோ நிறுவனமோ நடத்துவது, டிரஸ்ட் வைப்பது, சங்கமாகப் பதிவு செய்வது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். நாங்கள் சங்கம்தான் வைத்திருக்கிறோம், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், பொதுக்குழு என்று வேலை இருக்கிறது, ஆனாலும் தனி ஒருவர் பெயரில் இதழ் இருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். கல்லூரி பெயரில் தொடங்கினால் முதல்வர் மாறும்போதெல்லாம் இதழின் தலையெழுத்தும் மாறும், அதற்குத் தயாராக இருங்கள்.

பெயர் யாருக்குச் சொந்தம் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். மொழியியல் இதழான 'லிங்குவா'வின் ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவும் 2015-ல் கூண்டோடு விலகினார்கள். கட்டுரைகள் எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதில் பதிப்பகமான எல்ஸ்வியரோடு உடன்பாடு வரவில்லை. ஆனால் வெளியேறும்போது பெயரைக் கொண்டுபோக முடியவில்லை, அது பதிப்பகத்தின் சொத்து. 'குளோசா' என்று புதுப் பெயரில் தொடங்கினார்கள். அவர்களுக்குப் புகழும் ஆளும் இருந்தது, கூட்டமும் பின்னாலேயே வந்தது. நமக்கு வருமா?

இங்கே ஒரு இடைச்செருகல். உங்கள் நிறுவனத்தார் செய்த ஆய்வை வெளியிடுவதுதான் நோக்கம் என்றால் தாராளமாகப் புல்லட்டின் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. சூரியப் புள்ளியில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது கொடைக்கானல் ஆய்வகத்தில். அது வெளிவந்தது அந்த ஆய்வகத்தின் சொந்தப் புல்லட்டினில். இன்றும் எவர்ஷெட் விளைவு என்றுதான் உலகம் சொல்கிறது. சொந்த வீட்டுக் கட்டுரைகளையே போட்டுக்கொண்டு, அட்டையில் மட்டும் 'சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்ற பன்னாட்டு ஆய்விதழ்' என்று அச்சடிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

அடுத்து: ஆசிரியருக்கும் சங்கத்துக்கும் இடையே ஒரு தாள்

ஒரே தாள்தான், ஆனால் அதுதான் இதழின் முதுகெலும்பு. முதன்மை ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள், எத்தனை வருடத்துக்கு, ஒருவர் எத்தனை முறை தொடரலாம், இடையில் நீக்க வேண்டுமானால் எப்படி. நாங்கள் வைத்திருப்பது மூன்று வருடம், அதிகபட்சம் இரண்டு முறை. நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவர் பதிலையும் வாங்கி, செயற்குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கட்டுரை பிடிக்கவில்லை என்பது நீக்கும் காரணமாகாது என்று தனி வரியே போட்டிருக்கிறோம்.

அந்த வரி சும்மா வந்ததல்ல. எங்கள் இரண்டாம் இதழ் தயாராகிக்கொண்டிருந்தபோது, இதழுக்கு நன்கொடை கொடுத்த ஒருவர், தன் வீட்டுப் பிள்ளையின் கட்டுரை மதிப்பீட்டில் தேறவில்லை என்றதும், சங்கக் கூட்டத்துக்கு வந்து "நம்ம இதழ்ல நம்ம பிள்ளை எழுதக்கூடாதா" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். அதற்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு எங்களிடம் காட்டுவதற்கு எழுதி வைத்த தாள் இல்லை. முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது மலையில் கஷ்டம், நாளைக்கு சேரிங் கிராஸில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். எழுதி வைத்திருந்தால், இல்லை என்று சொல்வது நீங்களல்ல, விதி.

எல்லையைத் தெளிவாகப் பிரியுங்கள். பட்ஜெட், விலை, எத்தனை பிரதி, எந்த அச்சகம் எல்லாம் சங்கம். எந்தக் கட்டுரை உள்ளே, எது வெளியே என்பது ஆசிரியர் மட்டும். வெளிவந்த கட்டுரை மீது சங்கத்துக்கு மனக்குறை இருந்தால் எழுத்தில் ஆசிரியருக்குத் தரலாம், மற்ற வாசகர்கள் போலவே.

யார் யார் வேண்டும்

பெரிய இதழ்களின் முதல் பக்கத்தைப் பார்த்தால் பதவிப் பட்டியல் நீளமாக இருக்கும். மிரள வேண்டாம். ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கலாம், எந்த இரண்டு வேலை ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

முதன்மை ஆசிரியர்: கடைசிச் சொல் இவருடையது. தினசரி வேலைகளை இவர் தலையில் ஏற்றினால் ஆறு மாதத்தில் ஆளைக் காணோம். அவருக்குக் கீழே துறைக்கு ஒருவராக இணை ஆசிரியர்கள் இருக்க வேண்டும், எங்களிடம் வரலாறு மானிடவியலுக்கு ஒருவர், காடு சூழலியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். வந்த கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் தேடுவதும், வந்த மதிப்பீடுகளைப் படித்துப் பரிந்துரை எழுதுவதும் இவர்கள் வேலை.

நிர்வாக ஆசிரியர் என்றால், அடியேன். கட்டுரை வந்ததும் ரசீது அனுப்புவது, கெடு தாண்டிய மதிப்பீட்டாளருக்குக் கெஞ்சிக் கடிதம் போடுவது, அச்சகத்தோடு மல்லுக்கட்டுவது. கட்டுரையின் தகுதி பற்றி எனக்கு ஓட்டு கிடையாது, இருக்கவும் கூடாது, ஏனென்றால் யார் எழுதியது, யார் படித்தது என்ற இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

மொழித் திருத்துநர் ஒருவர் கட்டாயம் வேண்டும். தமிழ்க் கட்டுரைகளில் பாதி இன்னும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் வருகின்றன, யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்து இடம் மாறிவிடும். மேற்கோள் பட்டியலில் தமிழ்ப் பெயரை எப்படி வரிசைப்படுத்துவது என்பதும் தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான், அதை வெளிநாட்டு முறைப்படி திருப்பிப் போட்டால் அப்பா பெயரில் மகள் கட்டுரை எழுதியதாக ஆகிவிடும். ஒரு முறையை முடிவு செய்து, எழுதி, எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். அப்புறம் மெய்ப்புப் பார்க்க ஒருவர், பக்கம் அமைக்க ஒருவர். இவை இரண்டும் நிர்வாக ஆசிரியரே செய்யலாம், நானும் செய்திருக்கிறேன், கண் போய்விடும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

சேரக் கூடாதவை இவைதான்: சங்கத்தின் தலைவரும் பொருளாளரும் முதன்மை ஆசிரியராக இருக்கக் கூடாது. கட்டுரை எழுதியவர் அந்தக் கட்டுரைக்கு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. கட்டுரைக்குக் கட்டணம் வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்தைத் தொடுகிறவர் முடிவெடுக்கும் பக்கமே வரக் கூடாது.

ஆசிரியர் குழு வேறு, ஆலோசனைக் குழு வேறு

இதைக் குழப்பாத புது இதழை நான் பார்த்ததில்லை. ஆசிரியர் குழு வேலை செய்கிற குழு: வருடத்துக்கு இத்தனை கட்டுரை படிப்பேன், கூட்டத்துக்கு வருவேன், கொள்கை முடிவில் ஓட்டுப் போடுவேன் என்று ஒப்புக்கொண்டவர்கள். ஆலோசனைக் குழு கூப்பிட்டால் கருத்துச் சொல்கிறவர்கள், தனிக் கட்டுரைகளில் தலையிடாதவர்கள்.

எங்கள் முதல் இதழில் வெட்கக்கேடு ஒன்று நடந்தது. சமவெளிப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெரிய பேராசிரியர், எங்களில் ஒருவருக்குப் பழக்கம், "அவர் வேண்டாம்னா சொல்லப் போறார்" என்று கேட்காமலே ஆலோசனைக் குழுவில் பெயரைப் போட்டுவிட்டோம். இதழ் அவர் கைக்குப் போனதும் ஃபோன் வந்தது. திட்டவில்லை. "என் பேரை எப்ப எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். அச்சான இதழில் இருந்து எப்படி எடுப்பது? அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்துக் கட்டம் கட்டிப் போட்டோம். அன்றிலிருந்து, கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம் கையில் இல்லாமல் யார் பெயரும் அச்சேறாது. கடிதத்தில் பதவிக்காலமும் வேலையும் இருக்கும். இறந்துபோனவர்கள்கூடக் குழுவில் தொடரும் இதழ்கள் நாட்டில் உண்டு.

குழுவில் எல்லாரும் ஒரே கல்லூரியாக இருக்கக் கூடாது. குறைந்தது பாதிப் பேராவது வெளியிலிருந்து வரட்டும். ஒவ்வொருவர் பெயரோடும் நிறுவனத்தையும் போடுங்கள்.

மலைக்கே உரிய விஷயம் இன்னொன்று. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பற்றியும், பழனி மலையில் பளியர் பற்றியும் நூறு வருடத்துக்கு மேலாக வெளியாட்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் தோடர் பற்றிப் புத்தகம் போட்டதிலிருந்து கணக்கெடுத்தாலே எவ்வளவோ. எழுதப்பட்டவர்களைக் கேட்டு எழுதியது எத்தனை? ஆகவே அந்தச் சமூகங்களிலிருந்து ஒருவரையாவது குழுவில் சேருங்கள், ஆனால் ஆலோசனைக் குழுவில் அலங்காரத்துக்கு வேண்டாம். ஆய்வுக்கு அந்த மக்களிடம் சம்மதம் வாங்கியிருக்கிறார்களா, வெளியே சொல்லக் கூடாத சடங்கையோ மருந்துச் செடியையோ எழுதியிருக்கிறார்களா என்ற கேள்வியில் கட்டுரையை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு விதி இருக்கிறது, இதுவரை இரண்டு முறை பயன்பட்டிருக்கிறது, இரண்டு முறையும் கட்டுரை திருந்தி வெளிவந்தது.

கட்டுரை போகும் பாதை

கட்டுரை வந்ததும் முதலில் நான் பெயரை நீக்குகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் நீக்கினால் போதாது, வேர்டு கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கும், நன்றியுரையில் கணவர் பெயர் இருக்கும், "எனது முந்தைய கட்டுரையில்" என்று அவரே காட்டிக்கொடுத்திருப்பார். பிறகு முதன்மை ஆசிரியர் பார்த்து, இதழின் எல்லைக்குள் வராததை ஒரு வாரத்தில் திருப்பிவிடுவார். மீதி, இணை ஆசிரியரிடம். அவர் இரண்டு மதிப்பீட்டாளர்களைத் தேடுவார். அவர்கள் 'ஏற்கலாம்', 'சிறு திருத்தம்', 'பெருந்திருத்தம்', 'வேண்டாம்' என்று நான்கில் ஒன்றைச் சொல்வார்கள். அது பரிந்துரைதான், தீர்ப்பல்ல. இருவரும் வேண்டாம் என்றதை ஆசிரியர் ஏற்கலாம், ஆனால் ஏன் என்று கோப்பில் எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் ஓஜேஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கனடாவில் உருவானது, பதவிக்கு ஏற்ப யார் எதைப் பார்க்கலாம் என்று அதிலேயே பிரித்துவிடலாம். மின்னஞ்சலும் ஒரு கணக்குத் தாளும் வைத்துக்கூட ஓட்டலாம், வருடத்துக்கு இருபது கட்டுரை வரை தாங்கும்.

இருபுறமும் பெயர் மறைத்து மதிப்பிடுவது நல்ல முறை, ஆனால் மலையில் அது பாதிப் பொய் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோடர் குடியிருப்புகளான மந்துகளின் கூரை வேய்வது பற்றி யாராவது எழுதினால், எழுதியது யார் என்று இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஆகவே நாங்கள் மறைப்பை மட்டும் நம்புவதில்லை, நலமுரண் படிவத்தை நம்புகிறோம். ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் படிக்கும் முன் அரைப் பக்கம் நிரப்ப வேண்டும்: எழுதியவர் யாரென்று ஊகிக்க முடிகிறதா, உறவா, வழிகாட்டியா, ஐந்து வருடத்துக்குள் சேர்ந்து எழுதியதுண்டா, வழக்கோ சண்டையோ உண்டா, இந்தக் கட்டுரையின் முடிவால் உங்களுக்கு லாப நஷ்டம் உண்டா. சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிச் சோலைக்காட்டை மீட்பது பற்றிய கட்டுரை ஒன்றைப் படிக்கக் கேட்டபோது, மதிப்பீட்டாளர் அந்த மரம் வெட்டும் வேலையில் தனக்கு ஆலோசனைக் கட்டணம் வருவதாக நேர்மையாக எழுதிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வேறு ஆள் பார்த்தோம். கேட்டிருக்காவிட்டால் அவரும் சொல்லியிருக்க மாட்டார், கெட்ட எண்ணத்தால் அல்ல, தோன்றியிருக்காது.

மலையில் ஆள் இல்லை என்றால் வெளியே தேடுங்கள். கூரை பற்றித் தெரிந்தவர் இல்லாவிட்டாலும், கள ஆய்வு முறை பற்றித் தெரிந்தவர் திருநெல்வேலியிலோ மைசூரிலோ இருப்பார்.

குழு உறுப்பினர்களே எழுதினால்? எழுதலாம், அளவு இருக்கிறது. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே, கடைசி இரண்டு இதழ்களில் எதிலும், ஆசிரியரோ குழு உறுப்பினரோ மதிப்பீட்டாளரோ பங்கெடுத்து எழுதிய கட்டுரைகள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எட்டுக் கட்டுரை என்றால் இரண்டு. முதன்மை ஆசிரியர் எழுதினால் அந்தக் கட்டுரையை இணை ஆசிரியர் ஒருவர் முழுப் பொறுப்பில் நடத்துவார், மென்பொருளில் அந்தக் கோப்பு ஆசிரியர் கண்ணில் படவே கூடாது, கட்டுரையின் அடியில் இதைச் சொல்லவும் வேண்டும்.

சிறப்பிதழுக்கு விருந்தினர் ஆசிரியரைக் கூப்பிட்டால் சாவியை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். ஹிந்தாவி என்ற ஆய்விதழ்ப் பதிப்பகம் 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, அதில் மிகப் பெரும்பங்கு சிறப்பிதழ்களில் வந்தது. தலைப்பையும் ஆட்களையும் அவர் சொல்லட்டும், கடைசிக் கையெழுத்து உங்கள் ஆசிரியருடையதாக இருக்கட்டும்.

புகார் வந்தால்

வரும். கருத்துத் திருட்டு என்று ஒருவர், என் பெயரை விட்டுவிட்டார்கள் என்று மாணவர், அநியாயமாக நிராகரித்தீர்கள் என்று மூத்தவர். பெயர் விட்டுப்போன புகார்தான் அதிகம், வழிகாட்டிக்கும் மாணவருக்கும் நடுவில். ஆகவே சமர்ப்பிக்கும்போதே யார் என்ன செய்தார் என்று எல்லாருடைய கையெழுத்தோடும் வாங்கிவிடுங்கள். மேல்முறையீட்டை, முதலில் முடிவெடுத்தவர் அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். ஆசிரியர் மீதே புகார் என்றால் எங்கே போவது? இதை எழுத மறந்துவிடுவார்கள். எங்களிடம் ஆலோசனைக் குழுவில் ஊட்டிக்கு வெளியே இருக்கும் ஒருவரை அதற்கென்றே நியமித்திருக்கிறோம். 1997-ல் தொடங்கிய 'கோப்' என்ற பதிப்பு நெறிமுறைக் குழு, எந்தப் புகாருக்கு எந்தப் படி என்று படம் போட்டே வைத்திருக்கிறது, அதைப் பார்த்துச் செய்தால் பாதி வேலை முடிந்தது. பிழையென்று தெரிந்தால் கட்டுரையைச் சத்தமில்லாமல் தூக்காதீர்கள், திருத்தம் அல்லது திரும்பப் பெறுதல் என்று அறிவிப்புப் போடுங்கள்.

அரசாங்கக் காகிதங்கள்

இது சின்ன வேலைதான். ஐஎஸ்எஸ்என் என்பது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், தில்லியில் சிஎஸ்ஐஆர் என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பின் கீழுள்ள தேசிய மையம் இலவசமாகவே தருகிறது, அச்சுக்கு ஒன்று இணையத்துக்கு ஒன்று. அது தரச் சான்றிதழ் அல்ல, வண்டி நம்பர் மாதிரிதான். பத்திரிகைப் பதிவு வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள்: 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் ஆய்விதழ்களைப் பருவ இதழ் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாகக் கடவுச்சொல்

எங்கள் தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த தம்பி நல்ல பையன், சமவெளிக்கு மாற்றலாகிப் போனான். டொமைன் அவன் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது, அந்த மின்னஞ்சலை அவனும் விட்டுவிட்டான், புதுப்பிக்கும் அறிவிப்பு யாருக்கும் வரவில்லை. நான்கு மாதம் இதழ் இணையத்தில் இல்லை. இப்போது டொமைன், மென்பொருள், வங்கி எல்லாம் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்று உள்ள மின்னஞ்சலில். கடவுச்சொற்கள் உறையில் வைத்து ஒட்டிச் செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று.

ஆசிரியர் குழு வருடத்துக்கு இரண்டு முறை கூட வேண்டும், மினிட்ஸ் எழுத வேண்டும், ஐந்து பேராவது இல்லாமல் தீர்மானம் செல்லாது. ஏப்ரல், மே வேண்டாம். சீசனில் வெளியூர்க்காரர்களுக்கு அறை கிடைக்காது, கிடைத்தாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறவே அரை நாள். நாங்கள் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் வைக்கிறோம்.

கொடைக்கானல்காரர்கள் போன வாரம் விதிகளின் வரைவை அனுப்பியிருந்தார்கள். இரண்டரைப் பக்கம், நன்றாகவே இருந்தது. முதன்மை ஆசிரியர் பதவிக்காலம் மூன்று வருடம் என்று போட்டுவிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்பதை விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.